இருநூற்று நாற்பது சீட்டுகளின் கணக்கு

ஒரு துணிப்பையில் 60 புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அவற்றுள் நான்கின் மீது மட்டும் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். (தாயம் ஆடுவதற்குச் செய்வது போல ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்தும் அடையாளம் செய்யலாம். ஆனால் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும், சோதனை கெட்டுப்போகும்.) பையை நன்றாகக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஏழு கொட்டைகளை எடுங்கள். அந்த ஏழில் புள்ளி வைத்த கொட்டை ஒன்றாவது இருக்குமா?

பலமுறை செய்து பார்த்தால், பத்துக்கு நான்கு முறை என்ற கணக்கில் இருக்கும். இனி அதே பையில் இன்னும் 180 கொட்டைகளைச் சேருங்கள். புள்ளி வைத்தவை அதே நான்குதான். மொத்தம் மட்டும் 240 ஆகிவிட்டது. இப்போது பத்து முறைக்கு ஒரு முறை என்ற அளவில்தான் அது கைக்கு வரும்.

இந்த எளிய உண்மையின் மேல் உலகெங்கும் ஆடப்படும் ஒரு சீட்டு விளையாட்டே நிற்கிறது. அதன் பெயர் 'மேஜிக்: த கேதரிங்'. போட்டிகளில் அதை ஆடுபவர்கள் பெரும்பாலும் தங்கள் சீட்டுக்கட்டை விதி அனுமதிக்கும் மிகச் சிறிய அளவில், அதாவது சரியாக 60 சீட்டுகளோடு, நிறுத்திக்கொள்கிறார்கள். 61ஆவது சீட்டைச் சேர்ப்பவரைக் கணக்குத் தெரியாதவர் என்று எண்ணுவார்கள். ஆனால் அதே விளையாட்டில் 240 சீட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போட்டி மேசைக்கு வருபவர்களும் உண்டு. இவர்களும் கணக்குத் தெரிந்தவர்களே. இவர்களுடைய கணக்கு என்ன என்பதைத்தான் நாம் இங்கே பார்க்கப் போகிறோம்.

கணித அறிஞர் ஆக்கிய விளையாட்டு

இந்த விளையாட்டை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர். பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் சேர்வியல் கணிதத்தில் ஆய்வு செய்து 1993இல் டாக்டர் பட்டம் பெற்றவர். கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். சேர்வியல் என்பது பொருள்களை எத்தனை விதமாகத் தெரிவு செய்யலாம், எத்தனை விதமாக அடுக்கலாம் என்று ஆராயும் பிரிவு. சியாட்டில் நகருக்கு அருகில் இருந்த 'விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' என்னும் சிறு நிறுவனம், கையில் எடுத்துச் செல்லக்கூடிய, விரைவில் ஆடி முடிக்கக்கூடிய ஒரு விளையாட்டு வேண்டும் என்று 1991இல் அவரிடம் கேட்டது. அதன் விளைவாக 1993 ஆகஸ்டில் மேஜிக் வெளிவந்தது.

நாம் அறிந்த 52 சீட்டுக் கட்டுக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ரம்மியில் கட்டு பொதுவானது. எல்லோரும் அதிலிருந்தே எடுக்கிறோம். மேஜிக்கில் ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வருகிறார்கள். இதுவரை வெளியிடப்பட்ட வெவ்வேறு சீட்டுகள் பல ஆயிரம். அவற்றுள் எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டியது. ஆட்டத்தின் பாதி வெற்றி அங்கேயே முடிவாகிவிடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஆட்டத்தின் விதிகளை முழுவதும் கூற இடம் போதாது. நம் கணக்குக்குத் தேவையானவற்றை மட்டும் சொல்கிறேன். இருவர் ஆடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 20 உயிர்ப் புள்ளிகள். எதிரியின் புள்ளிகளைச் சுழியாக்குவதே வழக்கமான வெற்றி. கட்டைக் கலைத்துக் கவிழ்த்து வைக்கிறார்கள். அந்த அடுக்குக்கு இந்த விளையாட்டில் 'நூலகம்' என்று பெயர். முதலில் ஏழு சீட்டுகள் கைக்கு வருகின்றன. பிறகு தம் முறை வரும்போதெல்லாம் ஒரு சீட்டு. (முதலில் ஆடத் தொடங்குபவர் மட்டும் தம் முதல் முறையில் எடுப்பதில்லை.) சீட்டுகளுள் 'நிலம்' என்பது ஒரு வகை. ஒரு முறைக்கு ஒரு நிலத்தைத்தான் மேசையில் வைக்கலாம். ஒவ்வொரு நிலமும் முறைக்கு ஓர் அலகு 'மானா'வைத் தரும். மானா என்பது ஆற்றல். மற்றச் சீட்டுகளை ஆடுவதற்கு அதுதான் விலை. ஐந்து மானா விலையுள்ள சீட்டை ஆட ஐந்து நிலங்கள் வேண்டும். சாதாரணமாக ஐந்தாவது முறைக்கு முன் அது முடியாது.

கட்டு அமைப்பதில் மூன்று விதிகள் முக்கியம். குறைந்தது 60 சீட்டுகள் இருக்க வேண்டும். ஒரே பெயருள்ள சீட்டு நான்குக்கு மேல் கூடாது. அடிப்படை நிலங்களுக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. கட்டுக்கு வெளியே மாற்றுச் சீட்டுகளாக 15 வரை வைத்துக்கொண்டு, ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவேளையில் அவற்றை மாற்றிக்கொள்ளலாம். 1993இல் முதல் விதிப்புத்தகம் வந்தபோது 40 சீட்டு இருந்தாலே போதும்; நான்கு என்ற வரம்பும் கிடையாது. மிக வலிமையான ஓரிரு சீட்டுகளையே இருபது இருபதாகச் சேர்த்துக்கொண்டு சிலர் ஆட்டத்தைச் சப்பென்று ஆக்கிவிட்டதால், அடுத்த ஆண்டிலேயே போட்டிகளுக்கு இப்போதைய வரம்புகள் வந்தன. கட்டு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு மட்டும் உச்ச வரம்பு எதையும் வைக்கவில்லை. யார் வேண்டுமென்றே கட்டைப் பெருக்கப் போகிறார்கள் என்று எண்ணினார்கள் போலும்!

ஏன் அறுபது?

இனிப் பைக்கு வருவோம். நமக்கு மிகவும் வேண்டிய ஒரு சீட்டு இருக்கிறது. அதை நான்கு படிகள் சேர்த்திருக்கிறோம். முதல் ஏழில் அது ஒன்றாவது வரும் நிகழ்தகவு என்ன?

மாணவர்கள் இந்த வகைக் கணக்கில் தடுமாறுவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஏழு சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பதாக எண்ணினால் கணக்கு நீளும். அதைத் திருப்பிப் போடுங்கள். மேசையில் 60 காலி இடங்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் 7 இடங்கள் 'கை', மீதி 53 இடங்கள் 'நூலகம்'. வேண்டிய நான்கு சீட்டுகளையும் இந்த இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு வைக்கிறோம். நான்குமே நூலகத்தில் போய் விழுந்தால் நமக்குத் தோல்வி. முதல் சீட்டு நூலகத்தில் விழும் வாய்ப்பு 60இல் 53. அடுத்ததற்கு 59இல் 52. மூன்றாவதற்கு 58இல் 51. நான்காவதற்கு 57இல் 50. இந்த நான்கு பின்னங்களையும் பெருக்கினால் 0.60 வருகிறது. ஆகவே ஒன்றாவது கைக்கு வரும் வாய்ப்பு 0.40, நூற்றுக்கு 40.

கட்டு 240 ஆனால் என்ன? இப்போது பின்னங்கள் 233/240, 232/239, 231/238, 230/237. பெருக்கினால் 0.888. வாய்ப்பு நூற்றுக்கு 11 ஆக இறங்கிவிடுகிறது. இடையே 80 சீட்டுக்கும் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு 31 வரும். மிகச் சிறந்த சீட்டு எதுவோ அதை அடிக்கடி காண வேண்டுமானால் கட்டு சிறிதாக இருக்க வேண்டும். சேர்க்கும் ஒவ்வொரு சீட்டும், இருக்கும் நல்ல சீட்டுகளை நீர்க்கச் செய்கிறது. 60 என்ற வழக்கத்துக்குக் காரணம் இதுதான்.

வழக்கத்தைத் தலைகீழாக்கிய சீட்டு

2001ஆம் ஆண்டு 'ஒடிசி' என்னும் தொகுதியில் ஒரு சீட்டு வெளிவந்தது. பெயர் 'பேட்டில் ஆஃப் விட்ஸ்', மதிப்போர் எனலாம். விலை ஐந்து மானா. மேசையில் வைத்துவிட்டால் அங்கேயே நிலைத்திருக்கும் வகையைச் சேர்ந்தது. அதில் எழுதியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் முறையின் தொடக்கத்தில் உங்கள் நூலகத்தில் 200 அல்லது அதற்கு மேற்பட்ட சீட்டுகள் இருந்தால் நீங்கள் வென்றீர்கள்.

எதிரியின் 20 உயிர்ப் புள்ளிகளைத் தொடவே வேண்டாம். 60 சீட்டுக்காரருக்கு இந்தச் சீட்டால் எந்தப் பயனும் இல்லை. பயன்பட வேண்டுமானால் இருநூற்றுக்கு மேல் வேண்டும். அப்படிச் சேர்த்தால் அதே சீட்டு அந்தக் கடலில் எங்கோ அடியில் போய்விடும். தன்னைக் கண்டுபிடிக்க முடியாதபடி தன் நிபந்தனையாலேயே தன்னை ஒளித்துக்கொள்ளும் சீட்டு இது. இதை வகுத்தவர்கள் வேடிக்கையாகத்தான் செய்திருக்க வேண்டும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் 2005இலும் 2012இலும் இதை மறுபடியும் அச்சிட்டார்கள். அமைப்பவர்களும் விடவில்லை.

சிக்கல் என்னவென்று தெளிவாக எழுதிக்கொள்வோம். இரண்டாவதாக ஆடுபவர் தம் ஆறாவது முறை வரைக்கும் 13 சீட்டுகளைப் பார்த்திருப்பார். 60 சீட்டுக் கட்டில் நான்கு படிகளுள் ஒன்றாவது அதற்குள் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 63. 240 சீட்டுக் கட்டில் நூற்றுக்கு 20தான். ஐந்து ஆட்டத்துக்கு ஓர் ஆட்டத்தில் மட்டும் தலைகாட்டும் சீட்டை நம்பிப் போட்டிக்குப் போக முடியுமா?

பானையும் குவளையும்

பெரிய கட்டு எல்லா விதத்திலும் கெடுதல் என்று பொதுவாக எண்ணிவிடுகிறோம். அது உண்மையா என்று நிலங்களைக் கொண்டு சோதித்துப் பார்ப்போம்.

60 சீட்டுக் கட்டில் 24 நிலங்கள் வைப்பது ஒரு சாதாரண ஏற்பாடு. 240 சீட்டுக் கட்டில் 96 நிலங்கள் வைக்கிறோம். இரண்டிலும் பத்துக்கு நான்கு. முதல் ஏழு சீட்டுகளில் வரும் நிலங்களின் சராசரி இரண்டிலுமே 2.8. திட்ட விலக்கம் என்னும் சிதறல் அளவு சிறிய கட்டில் 1.23, பெரிய கட்டில் 1.28. வேறுபாடு இருக்கிறது, ஆனால் மேசையில் உட்கார்ந்து ஆடுபவர் அதை உணரவே மாட்டார்.

காரணம் எளிது. ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டாலும், நான்கு குவளை கொள்ளும் பானையில் எட்டுக் கரண்டி போட்டாலும் நாக்கில் விடும் துளி ஒரே அளவுதான் இனிக்கும். நாக்குக்குத் தெரிவது செறிவு. பாத்திரத்தின் அளவு அன்று. கையில் எடுக்கும் ஏழு சீட்டும் அந்தத் துளி போன்றவையே. (அந்தச் சிறு வேறுபாடு எங்கிருந்து வருகிறது? ஏழில் நான்கு நிலங்கள் வந்துவிட்டால், சிறிய கட்டில் எஞ்சுவது 53க்கு 20, அதாவது நூற்றுக்கு 37.7. பெரிய கட்டில் எஞ்சுவது 233க்கு 92, நூற்றுக்கு 39.5. சிறிய கட்டு எடுத்ததை நினைவில் வைத்துக்கொண்டு சற்றுத் திருத்திக்கொள்கிறது. பெரியது அதைக் கண்டுகொள்வதே இல்லை.)

ஆக, கட்டைப் பெருக்கும்போது கெட்டுப்போவது எல்லாம் அன்று; நான்கு என்ற வரம்புக்கு உட்பட்டவை மட்டுமே செறிவு குறைகின்றன. நிலத்துக்கு வரம்பில்லை, எனவே அதன் செறிவைக் காக்க முடிகிறது. மதிப்போர்ச் சீட்டுக்கு வரம்பு உண்டு. இப்படிப் பிரித்துப் பார்த்தவுடனே வழி திறக்கிறது. விதி தடுப்பது ஒரே பெயரைத்தான். ஒரே வேலையைச் செய்யும் வேறு வேறு பெயர்களை அது தடுக்கவில்லை.

நூலகத்தைத் தேடி வேண்டிய சீட்டைக் கைக்குக் கொண்டுவரும் சீட்டுகள் இந்த விளையாட்டில் பல உண்டு. ஒடிசி தொகுதியிலேயே வந்த 'டயபாலிக் டியூட்டர்' அப்படிப்பட்டது: நான்கு மானா கொடுத்தால் எந்தச் சீட்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 2005இல் வந்த 'ராவ்னிகா' தொகுதியில் வேறொரு வகை வந்தது. அதில் 'பிரெய்ன்ஸ்பாயில்' என்பது ஐந்து மானா விலையுள்ள சீட்டு. அதை முழு விலை கொடுத்து ஆடினால் எதிரியின் படைவீரர் சீட்டு ஒன்றை அழிக்கும். அல்லது மூன்று மானா கொடுத்து அதை எறிந்துவிட்டு, நூலகத்திலிருந்து அதே விலையுள்ள, அதாவது ஐந்து மானா விலையுள்ள வேறு சீட்டைத் தேடி எடுக்கலாம். மதிப்போரின் விலையும் ஐந்துதானே!

மதிப்போர் 4, முதல் தேடுசீட்டு 4, இரண்டாவது வகை 4, மூன்றாவது வகை 4 என்று 16 சேர்த்துவிட்டதாகக் கொள்வோம். 240க்கு 16 என்பது 60க்கு 4. இரண்டும் பதினைந்தில் ஒன்றே. அதே செறிவு. 13 சீட்டுகளில் இந்தப் பதினாறுள் ஒன்றாவது வரும் வாய்ப்பைக் கணக்கிட்டால் நூற்றுக்கு 60 கிடைக்கிறது. இருபதாக இருந்தது அறுபதாகிவிட்டது. சிறிய கட்டின் 63க்கு அருகிலேயே வந்துவிட்டோம்.

இது இலவசமாகக் கிடைத்ததன்று. நான்காவது முறையில் தேடி, ஐந்தாவது முறையில் மதிப்போரை வைத்தால், ஆறாவது முறையின் தொடக்கத்தில் வெற்றி. கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் அந்த நான்காவது, ஐந்தாவது முறைகளில் எதிரியைத் தடுக்க நம்மிடம் ஒரு மானாவும் மிச்சமிராது. அவர் சும்மா இருப்பாரா?

எத்தனை சீட்டு வேண்டும்?

200தானே தேவை, 220 வைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 சீட்டு கைக்கு வந்தபின் 220இல் மிஞ்சுவது 207. ஏழு சீட்டுதான் இடைவெளி. தேடி எடுத்தால் ஒன்று குறையும். கூடுதலாகச் சீட்டு எடுக்கும் மந்திரம் ஒன்று ஆடினால் இரண்டு மூன்று குறையும். எதிரியின் நூலகத்திலிருந்து சீட்டுகளை நேரே கழிவுக்குத் தள்ளும் சீட்டுகளும் உண்டு. அவற்றுள் ஒன்று வந்தால் கதை முடிந்தது. 199 ஆகிவிட்டால் மதிப்போர் வெறும் அட்டை.

சரி, 300 வைத்தால்? இடைவெளி 87 ஆகிவிடும்; ஆனால் தேடுசீட்டுகள் அதே 16 என்றால், 13இல் ஒன்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு 52 ஆகக் குறையும். 220க்கு அது 64, 240க்கு 60. ஒரு பக்கம் பாதுகாப்பு, மறுபக்கம் செறிவு. 240இல் இடைவெளி 27. அதற்காகக் கொடுக்கும் விலை நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. இந்த எண்ணைச் சுற்றியே இந்தக் கட்டுகள் பெரும்பாலும் அமைவதற்கு இதுவே காரணம்.

பதினாறு போக, 96 நிலமும் போக, இன்னும் 128 இடங்கள் காலியாக இருக்கின்றன. அவற்றில் எதிரியைத் தடுக்கும் சீட்டுகளை நிரப்ப வேண்டும். 60 சீட்டுக்காரர் இருப்பதிலேயே சிறந்த இரண்டு தடுப்புகளை நான்கு நான்காக எடுத்துக்கொண்டு போய்விடுவார். நமக்கோ அதே செறிவுக்கு எட்டு வகைகள் வேண்டும். ஏழாவது, எட்டாவது தரத்துச் சீட்டுகளையும் தேடிப் பிடிக்க வேண்டும். இந்தக் கட்டின் உண்மையான பலவீனம் இதுதான் என்பது என் கருத்து. வெற்றிச் சீட்டைக் காணும் வாய்ப்பைக் கணக்கால் மீட்டுவிடலாம். சராசரித் தரம் இறங்குவதை மீட்க முடியாது.

தரம் குறைந்த சீட்டுகளை வைத்தே வென்றவரும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1996இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்பவர், ஜே ஷ்னைடர் வகுத்துக் கொடுத்த ஒரு சிவப்பு நிறக் கட்டை ஆடினார். அதில் இருந்தவற்றுள் பல, மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய மலிவான படைவீரர்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் கையிலுள்ள மானா முழுவதும் செலவாகும்படி ஒரு மானா, இரண்டு மானா, மூன்று மானாச் சீட்டுகளின் எண்ணிக்கையை அளந்து வைத்திருந்தார்கள். எதிரிகள் பெரிய சீட்டுகளுக்காக மானா சேரட்டும் என்று காத்திருந்தபோது இந்தக் கட்டு ஒரு முறையையும் வீணாக்கவில்லை. அவர் பெயராலேயே அந்த முறை இன்றும் அழைக்கப்படுகிறது. நம் 240க்கு மிகப் பெரிய பகையும் அந்த வழியில் வந்த வேகக் கட்டுகள்தாம். நான்கு ஐந்து முறைகளில் 20 புள்ளிகளையும் தீர்த்துவிடக்கூடியவரிடம் ஆறாவது முறையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கலைப்பதும் ஒரு கணக்கு

இத்தனையும் சீட்டுகள் நன்றாகக் கலைந்திருக்கின்றன என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. 240 சீட்டைக் கலைப்பது அவ்வளவு எளிதா?

டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்னும் இரு கணித அறிஞர்கள் 1992இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கட்டை இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளையும் விரலால் சரசரவென்று விட்டுப் பின்னும் முறையில், 52 சீட்டுகளை ஓரளவு கலைக்க ஏழு தடவை வேண்டும். அவர்கள் கண்ட இன்னொரு செய்தி நமக்கு முக்கியமானது. தேவைப்படும் தடவைகள் சீட்டுகளின் எண்ணிக்கையோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. மடக்கையைப் போல மெதுவாக ஏறுகின்றன. இரண்டை அடியாகக் கொண்ட மடக்கையின் ஒன்றரை மடங்கு என்பது அந்த அளவு. எனவே சீட்டுகள் நான்கு மடங்கானால் தேவைப்படுபவை மூன்று தடவைகள்தாம் கூடும். 60இலிருந்து 240க்குப் போனால் மூன்றே மூன்று தடவை அதிகம்!

காகிதத்தில் இது மகிழ்ச்சி தரும் செய்தி. கைக்குத்தான் தொல்லை. ஒரு சீட்டின் கனம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். 60 சீட்டுகள் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கும். 240 சீட்டுகள் 7 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும். சீட்டுகள் தேயாமலிருக்கப் போடும் பிளாஸ்டிக் உறைகளும் சேர்ந்தால் இன்னும் உயரும். இரு பாதிகளை இரு கைகளால் பிடித்துப் பின்னுவது நடவாது. நான்கு குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே கலைத்து, குவியல்களுக்குள் மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டும். அந்தச் சேர்க்கை சரியாக நடக்காவிட்டால் பேயரும் டயகோனிஸும் தந்த வாக்குறுதி நம் கட்டுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு தடவை தேடுசீட்டை ஆடும்போதும் மறுபடியும் கலைக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். கட்டின் அளவுக்கு உச்ச வரம்பு இல்லை என்றேன் அல்லவா? போட்டி விதிகளில் ஒரு மறைமுக வரம்பு உண்டு: பிறர் உதவியின்றி நீங்களே உங்கள் கட்டைக் கலைக்க முடிய வேண்டும். மேசைப் போட்டியில் உள்ளங்கையின் அகலமும் ஒரு விதியாகிவிடுவது எனக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது.

இதே தொல்லை சிறிய அளவிலும் எழுந்தது. 2020இல் வந்த 'யோரியன்' என்னும் சீட்டு, வழக்கமான அளவைவிட 20 கூட, அதாவது 80 சீட்டு வைப்பவருக்கு ஒரு சலுகையைத் தந்தது: யோரியனைக் கட்டுக்கு வெளியே வைத்திருந்து, எந்த ஆட்டத்திலும் தவறாமல் பயன்படுத்தலாம். நான்கு படிச் சீட்டின் வாய்ப்பு 40இலிருந்து 31க்கு இறங்கினாலும், உறுதியாகக் கிடைக்கும் ஒரு சீட்டு அதை ஈடுகட்டியது. 80 சீட்டுக் கட்டுகள் பெருகின. 2022 அக்டோபரில் 'மாடர்ன்' என்னும் வகைப் போட்டிகளில் அதைத் தடை செய்தார்கள். பெரிய கட்டுகளைக் கலைப்பதிலுள்ள சிரமமும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

எதிரியின் கையில் என்ன?

கட்டு அமைப்பவர் தம் சீட்டுகளை மட்டும் எண்ணினால் போதாது. எதிரில் அமர்ந்திருப்பவர் எதை எதிர்பார்த்து வந்திருக்கிறார் என்பதும் கணக்கில் சேர வேண்டும். பெரும்பாலான கட்டுகள் படைவீரர்களைக் கொண்டு தாக்குபவை. ஆகவே எல்லோரும் படைவீரரை அழிக்கும் சீட்டுகளைச் சேர்த்து வருகிறார்கள். படைவீரர் மிகக் குறைவாக உள்ள ஒரு மதிப்போர்க் கட்டின் முன் அவை கையில் முடங்கிக் கிடக்கும். எதிரியின் ஏழு சீட்டில் இரண்டு முடங்கினால் அவர் ஐந்து சீட்டோடு ஆடுவதாகத்தான் பொருள். நம் தரக்குறைவு இங்கே ஓரளவு சமனாகிறது. மாறாக, மேசையில் நிலைத்திருக்கும் மந்திரங்களை அழிக்கும் சீட்டுகளை முதல் ஆட்டத்தில் அதிகம் வைப்பவர் குறைவு. 1993 முதலே 'டிஸென்சான்ட்' போன்ற சீட்டுகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் அந்த 15 மாற்றுச் சீட்டுகளுக்குள் காத்திருக்கும்.

இரண்டாவது ஆட்டத்தில் அவை உள்ளே வந்துவிடும். அப்போது நாமும் நம் 15ஐ மாற்றலாமே என்று தோன்றும். அவருக்கு 15 என்பது கட்டில் கால் பங்கு. நமக்கு 240இல் 15, பதினாறில் ஒரு பங்கு. மாற்றினாலும் மாற்றியது தெரியாது. எனவே மூன்றில் இரண்டு ஆட்டம் வெல்ல வேண்டிய பந்தயத்தில், மதிப்போர்க் கட்டு முதல் ஆட்டத்தில் பலமாகவும் பின்னர் மெலிந்தும் போகிறது. வியப்பு என்பதும் இதற்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. இவ்வளவு உயரமான கட்டை மேசைமீது வைத்தவுடனேயே, வந்திருப்பது எது என்று எதிரிக்குத் தெரிந்துவிடுகிறது.

பட்டங்களைக் குவித்த கட்டு இது என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் 60 என்னும் எண்ணை மனப்பாடம் செய்தவரால் இதை அமைத்திருக்க முடியாது; 60க்குக் காரணம் செறிவு என்று கண்டவரால்தான் முடிந்தது.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சீட்டுகளை மூடிய உறைகளில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபடி விற்கிறார்கள். வேண்டிய ஒரு சீட்டுக்காகப் பத்து உறைகளைப் பிரிப்பது குலுக்கல் சீட்டு வாங்குவதற்கு அதிக தூரத்தில் இல்லை. கணக்குக்கு அது தேவையே இல்லை. பழைய நோட்டு அட்டைகளைச் சம அளவில் 240 துண்டுகளாக வெட்டுங்கள். 96இல் 'நி' என்றும், 4இல் 'ம' என்றும், 12இல் 'தே' என்றும் எழுதுங்கள். கலைத்து 13 எடுங்கள். ஒரு 'ம' அல்லது 'தே'யும், குறைந்தது ஐந்து 'நி'யும் சேர்ந்து வருகின்றனவா என்று ஐம்பது தடவை குறித்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து வருவது நூற்றுக்கு 60ஐவிடக் குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு குறைவு என்பதை முதலில் கையால் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு தாளில் கணக்கிடுங்கள்.

ஒரு மாணவர் என்னிடம் கேட்டார்: மதிப்போர் ஒன்றுகூட வராமல், தேடுசீட்டும் வராமல், எதிரியைத் தடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? நல்ல கேள்வி. நூலகத்தில் சீட்டே இல்லாதபோது எடுக்க வேண்டிய முறை வந்தால் அவர் தோற்றார் என்பது விதி. 60 சீட்டுக்காரருக்கு முதல் ஏழு போக மீதி 53. ஐம்பத்து மூன்று தடவை எடுத்தபின் அவர் அடுக்கு தீர்ந்துவிடும். நம்மிடம் அப்போதும் 180 சீட்டுகள் இருக்கும். ஆகவே மதிப்போர் வராமலேயே வெல்லலாம். ஆனால் போட்டியில் ஒரு சுற்றுக்குக் கொடுக்கும் நேரம் ஐம்பதே நிமிடம்; அதற்குள் மூன்று ஆட்டங்களும் முடிய வேண்டும். நம் கட்டைக் கலைத்துக் கொடுப்பதற்கே அதில் ஐந்து நிமிடம் போய்விடும்.